சாம்பல் நிறத்தில் ஒரு வரி

மழை விடுவதாக இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியை நனையாமல் எப்படி எடுத்துப்போவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. போர்வையில் சுற்று என்றாள் அத்தை. குப்பைப் பையை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மாட்டிவிடலாம் என்றான் சின்னவன். புள்ளிக்காரி மேசைக்கு அடியில் குனிந்து, பெட்டியின் முதுகிலிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எதில் இருந்தது என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, துணி காயப்போடும் கிளிப்பால் அந்தந்த ஒயரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒயரை நாம நினைச்சாலும் தப்பா சொருக முடியாது. ஓட்டையே வேற வேற வடிவம்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"அவர் சொருகினது. எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்."

சின்னவன் வாயை மூடிக்கொண்டான். அண்ணன் போனதிலிருந்து அந்த வீட்டில் அவன் அடிக்கடி செய்கிற காரியம் அதுதான். வெளியே போய் வேனின் பின்கதவைத் திறந்து, மறுநாள் கொடுக்கவேண்டிய பார்சல்களை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினான்.

புள்ளிக்காரி என்பது அவள் கணவர் வைத்த பெயர். அவள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். பக்கத்தில் எங்கோ ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால், படிக்கத் தொடங்கும் முன்பே அவள் பார்வை அங்கே போய் நிற்கும். அவர் அதே அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பக்கம் கட்டித் தருகிறவர். முன்னறையில் அவர் மேசை, உள்ளறையில் அவள் மேசை, நடுவில் எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு. அந்தக் கதவு வழியாகத்தான் அவர்களுடைய குடித்தனத்தில் முக்கால்வாசி நடந்தது.

"'அதை பார்த்தான்'னு விட்டிருக்கீங்க. 'ப்' எங்க?"

"'ப்' போட்டா கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிடும்."

"வரி ஓடினா ஓடட்டும். 'ப்' ஓடக் கூடாது."

"இவ ஒருத்தி. புருஷன் ஓடினாக்கூடப் பரவாயில்ல, 'ப்' ஓடக் கூடாது."

அத்தை நடுவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, இந்த வீட்டில் எழுத்துக்குப் போடுகிற சண்டையைச் சொத்துக்குப் போட்டிருந்தால் மாடி கட்டியிருக்கலாம் என்பாள்.

அவர் தட்டச்சுக்கு வைத்திருந்தது மிகப் பழைய புரோகிராம். யாரோ ஒருவர் ஒற்றை அறையில் உட்கார்ந்து எழுதி விற்றது. அந்த அறையும் இப்போது இல்லை, எழுதியவர் எங்கே போனார் என்றும் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் இருந்தது. சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும். ஓர் எழுத்தைத் தட்டினால் இந்த வாக்கியம் வரவேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன்பின் மறக்காது. அவர் அதற்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவர் போனபிறகு ஒருநாள், நின்றுபோன வேலையைப் பற்றி அச்சக முதலாளிக்கு ஒரு வார்த்தை எழுதலாம் என்று அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். 'நான்' என்று தொடங்க நினைத்து 'நா' தட்டி, என்ன எழுதுவது என்று தயங்கி இடைவெளி விட்டாள். திரையில் தானாக வந்து நின்றது:

நாளைக்குக் கட்டாயம் தந்துவிடுகிறேன், ஐயா.

அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டு அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அத்தை வந்து சேர்வதற்குள் அது சிரிப்பாக இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு மாலை நேரத்தில் ஒரு வேலை அமைந்தது. அகர வரிசையில் போனாள். ஒரு மாலைக்கு ஓர் எழுத்து, அதற்குமேல் தொடுவதில்லை. 'இ' தட்டினால் 'இன்று முழுக்கக் கரண்ட் இல்லை' என்று வந்தது. கரண்ட் இருந்த நாட்களில் அனுப்பிய பொய் அது. 'எ'வுக்கு 'எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமும் பெரிதாகும் என்பதைத் தாழ்மையுடன்' என்று வந்து பாதியில் நின்றது. ஒருவேளை அடுத்ததை ஆளைப் பார்த்து எழுதுவார்போல. 'உ' தட்டிய மாலையில், 'உடம்பு பரவாயில்லை, சும்மா ஒரு செக்கப்' என்று வந்தது. அதற்கும் ஒரு சுருக்கெழுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு எத்தனை பேருக்கு அதைச் சொல்லவேண்டியிருந்ததோ. அன்று அவள் சாப்பிடவில்லை.

'பு'வில் தன்னைப் பற்றி ஏதோ இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் தாண்டிப் போகவில்லை. முறைப்படி வரட்டும், அதுவரைக்கும் அவர் பேசிக்கொண்டிருப்பார் என்று இருந்தாள். ககரம் முடிந்து, சகரம் முடிந்து, தகரத்தில் பாதியில் இருக்கும்போது பெட்டி படுத்துவிட்டது.

*

கடை, பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. ஓர் ஆள் ஏறினால் இன்னோர் ஆள் இறங்க முடியாத படிகள். சின்னவன் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினான். உள்ளே சுவரெல்லாம் தட்டு அடித்து, வயிறு திறந்த பெட்டிகள் வரிசையாக இருந்தன. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் கடைக்காரர் எதையும் இரண்டுமுறை கேட்டார்.

"என்ன பண்ணுது?"

"வருது. படம் வருது. கொஞ்ச நேரம் நல்லா இருக்கு. அப்புறம் அப்படியே நின்னுடுது."

"மவுஸ் நகருதா?"

"நகருது. கிளிக் பண்ணினா ஒன்னும் நடக்காது."

"எங்க வீட்டுல நான் பேசற மாதிரி," என்றார் கடைக்காரர். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு ஊதுகுழலை நீட்டினார். சாம்பல் நிறத் தூசி ஒரு கற்றையாக எழும்பியது. சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். புள்ளிக்காரி திருப்பவில்லை. அது முன்னறையின் தூசி. அந்த அறையில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஆள்தான்.

"பைல்தானே வேணும்? எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு, அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தந்துடறேன். குடிவந்த வீடு மாதிரி இருக்கும்."

"புதுசு வேண்டாம்," என்றாள். "இது கத்துக்கிட்டது இதுல இருக்கணும்."

அவள் விளக்கினாள். முதலில் தடுமாறினாள், பிறகு 'நா' தட்டினால் என்ன வரும் என்று சொன்னாள். கடைக்காரருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிக்கல் என்னன்னா, அது தனியா ஒரு பைலா இருந்தா நான் எடுத்துடுவேன். இந்தப் பழைய புரோகிராமெல்லாம் கத்துக்கிட்டதைத் தனியா எழுதி வைக்காது. சிஸ்டத்தோட ரத்தத்துல கலந்து வச்சிருக்கும். சிஸ்டம் போச்சுன்னா அதுவும் போச்சு."

"வேற வழியே இல்லையாண்ணே?" என்றான் சின்னவன்.

"முழு டிஸ்க்கையும் அப்படியே வேற டிஸ்க்குல இறக்கிப் பார்க்கலாம். அது ஆகலைன்னா இன்னொன்னு இருக்கு. இருக்கிற சிஸ்டத்து மேலயே அதே சிஸ்டத்தைத் திரும்பப் போடறது. சுவரை இடிக்காம பூசற மாதிரி. உள்ள இருக்கிறது எதுவும் அசையாது. ஆனா அதே எடிஷனா இருக்கணும். கொஞ்சம் மாறினாலும் அது ஒத்துக்காது. என்ன எடிஷன் இது?"

"எடிஷன்னா?"

"அதான், பதிப்பு."

தெரிந்த சொல் வந்ததும் அவள் முகம் தெளிந்தது. "முதல் பதிப்பா, திருத்திய பதிப்பான்னு கேக்கறீங்களா?"

"புத்தகம் இல்லம்மா. ஹோமா, ப்ரோவான்னு கேக்கறேன்."

"வீட்டுலதானே வச்சிருந்தோம்," என்றான் சின்னவன். "அப்ப ஹோம்தான்."

கடைக்காரர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது தெரிந்ததும் புள்ளிக்காரியிடம் திரும்பினார். "யாரு யூஸ் பண்ணினது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப அவரைக் கேட்டாத் தெரிஞ்சுடும். சரியா கேட்டுட்டு வாங்க."

"சரி, கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

மிகச் சாதாரணமாகச் சொன்னாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியை நோக்கி ஓரடி வைத்தும்விட்டாள். சின்னவன் கீழே குனிந்து, தரையில் கிடந்த ஒரு திருகாணியைச் செருப்பால் உருட்டிக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை என்பதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இல்ல," என்றாள். "கேக்க முடியாது."

கூரையில் மழை கொட்டியது. கடைக்காரர் எழுந்து, காரணமில்லாமல் ஊதுகுழலை எடுத்து, ஏற்கெனவே ஊதின இடத்தையே மறுபடி ஊதினார். பிறகு, "வச்சுட்டுப் போங்கம்மா. அதுகிட்டயே கேட்டுக்கலாம்," என்றார்.

*

மறுநாளும் மழை. அச்சகத்தில் மதியம்வரை இருந்துவிட்டு அவள் கடைக்குப் போனாள். சின்னவன் பார்சல் சுற்றை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

கோப்புகளையெல்லாம் கடைக்காரர் முதலில் பத்திரமாக வேறோர் இடத்தில் எடுத்து வைத்துவிட்டிருந்தார். முழு டிஸ்க்கையும் இறக்குவது நடக்கவில்லை. சிஸ்டம் இருக்கிற பகுதிக்கு வந்ததும் படித்துப் படித்துப் பார்த்து நின்றுவிடுகிறது என்றார். எந்த எடிஷன் என்பதிலும் ஒரு குழப்பம். பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஹோம் என்றது. உள்ளே கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலைத் திறந்து கேட்டால் ப்ரொஃபஷனல் என்றது.

"ஆமாண்ணே," என்றான் சின்னவன். "இந்தப் பெட்டி ஒரு ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினது. வெறும் கூடு. அண்ணன் ஆசைப்பட்டு எடுத்துட்டு வந்து, தன் பழைய பெட்டியில இருந்ததையெல்லாம் இதுக்கு மாத்தினான். நான்தான் வேன்ல ஏத்தினேன்."

"அப்படிச் சொல்லு. சட்டை யாரோடதோ, ஆள் யாரோ. ஸ்டிக்கரை நம்பிப் போட்டிருந்தா அவ்வளவுதான்."

ப்ரொஃபஷனல் என்று முடிவானதும் அதற்கு உரியதை அவர் இறக்கி, ஓடவிட்டார். தேவையில்லாததையெல்லாம் நிறுத்திவைத்து எழுப்பினால் பெட்டி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. திரையில் ஒரு ஜன்னல் வந்தது. அதில் மூன்று வரி. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளவா, கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளவா, ஒன்றும் வேண்டாமா என்று கேட்டது. கீழே இருந்த இரண்டும் கறுப்பு எழுத்தில் இருந்தன. மேலே இருந்த முதல் வரி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. கடைக்காரர் அதன்மேல் கிளிக் செய்தார். அது அசையவில்லை.

"அது ஏன் அப்படி இருக்கு?" என்றாள்.

"அப்படி ஒரு வழி இருக்கு, ஆனா உனக்கு இல்லைன்னு சொல்லுது."

"எடிஷன் சரிதானே?"

"சரிதான். வேற ஏதோ ஒத்துவரல." அவர் மீசையைத் தடவினார். "இதுல எல்லாம் தமிழ்ல வருதே, அதனாலயோ என்னமோ."

அவள் கணவரின் கம்ப்யூட்டர் முகம் முழுக்கத் தமிழ். அது அவருடைய பிடிவாதம். தமிழில் புத்தகம் கட்டுகிற பெட்டி என்னிடம் இங்கிலீஷில் ஏன் பேசவேண்டும் என்பார். கடைக்காரர் யாருக்கோ போன் செய்து கேட்டார். தமிழ் மேலே போர்த்திய துணிதான், அடியில் இங்கிலீஷ்தான் இருக்கும், தமிழுக்கென்று தனியாக ஒன்று கிடையாது என்று சொன்னார்களாம். கடைக்காரர் போட்டதும் இங்கிலீஷ்தான். இருந்தும் அந்த வரி கறுக்கவில்லை.

"கோப்பு மட்டும்னு போட்டுடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். "அதுக்கு மேல எனக்கும் தெரியலம்மா. மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்கு."

"நாளைக்குச் சொல்றேனே," என்றாள்.

வீட்டில் அத்தை சோறு போட்டு, முட்டையைப் பொரித்து வைத்தாள். சின்னவன் நடந்ததைச் சொன்னான்.

"அவன் எதை ஒரே தடவையில கேட்டான்," என்றாள் அத்தை. "அவன் பொட்டி மட்டும் கேட்டுடுமா? பேசாம வேற வாங்குங்க. இல்லாததைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு."

"அம்மா, சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நான் பெத்ததே இல்லைன்னு ஆயிடுச்சு. பொட்டி பேசலைன்னு இவ சோத்தைத் தள்ளி வைக்கறா."

புள்ளிக்காரி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அத்தை அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்து, கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.

*

அடுத்த நாள் கடைக்காரர் வேறொரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, அவர்களுடைய பெட்டியை எழுப்பிவிட்டுப் போனார். செய்ய வேறொன்றும் இல்லாததால் அவள் திரையைப் படித்தாள். எழுத்து கண்முன்னே இருந்தால் அவளால் படிக்காமல் இருக்க முடியாது. மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்புறம், எதுவானாலும் படிப்பாள்.

கணவர் போர்த்திய தமிழ் முழுதாக மூடியிருக்கவில்லை. அங்கங்கே கிழிசல் மாதிரி இங்கிலீஷ் தெரிந்தது. நிறம் மாற்றுகிற இடத்தில் 'கலர்' என்று இங்கிலீஷிலேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்விட்டு, மறுபடி அதற்கே வந்தாள். பக்கத்து மேசையில் கடைக்காரரின் சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அதே இடத்தைக் காட்டச் சொன்னாள்.

"இதுல 'யூ' இல்ல," என்றாள்.

"எதுல?"

"உங்க 'கலர்'ல 'யூ' இல்ல. இவரோட 'கலர்'ல 'யூ' இருக்கு. கீழ பாருங்க, இந்தச் சொல்லு. உங்களதுல 'இசட்' இருக்கு, இதுல 'எஸ்' இருக்கு."

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா இருக்கும்."

"மிஸ்டேக் இல்ல. ரெண்டும் சரி. பிரிட்டிஷ்காரங்க இப்படி எழுதுவாங்க, அமெரிக்காக்காரங்க அப்படி எழுதுவாங்க. நீங்க போட்டது எது?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இறக்குகிற இடத்தில் இங்கிலீஷ் என்று இரண்டு இருந்தன, ஒன்றுக்குப் பக்கத்தில் அமெரிக்கா என்றும் இன்னொன்றுக்குப் பக்கத்தில் இன்டர்நேஷனல் என்றும் போட்டிருந்தது, இங்கிலீஷில் என்ன பெரிய வித்தியாசம் என்று முதலாவதை எடுத்துவிட்டேன் என்றார். "இத்தனை வருஷமா இந்தக் கடையில உட்கார்ந்திருக்கேன். ஒரு 'யூ' என்னைக் கவுத்திருக்கு பாருங்க."

மற்றதை இறக்க நேரமாயிற்று. சின்னவன் வந்து சேர்ந்தான். கீழேயிருந்து டீ வந்தது. மூவரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பார்த்தார்கள். ஜன்னல் வந்தது. மூன்று வரி. முதல் வரி கறுப்பாக இருந்தது.

"அண்ணி," என்றான் சின்னவன். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"நீங்களே அமுக்குங்க," என்று கடைக்காரர் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அமுக்கினாள்.

அது ஓடிக்கொண்டிருந்தபோது மழை சற்று விட்டது. பாத்திரக் கடையில் யாரோ ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்துப் பேரம் பேசுவது கேட்டது. சின்னவன் ஏதேதோ பேசினான். 'வ' தட்டினால் என்ன வரும் தெரியுமா, வாடகைதான் வரும், வீட்டு ஓனருக்கு அண்ணன் சொன்ன சாக்கையெல்லாம் அதில்தான் வைத்திருப்பான் என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இதேபோல ஒரு நாள் இருந்தது அவள் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. அதில் எந்த வகை என்பது மட்டும் பிடிபடாமல் இருந்தது. ஒரு வகைக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்கு ஆகாது என்றார்கள். ஒன்று மாற்றி ஒன்று சோதனை நடந்தது. கடைசியில் டாக்டரம்மா புன்சிரிப்போடு வந்து, கண்டுபிடித்துவிட்டோம், இன்ன வகை என்று சொன்னார். அன்று அவளும் சின்னவனும் அத்தையும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று டீ குடித்தார்கள். சின்னவன் அன்றைக்கும் இப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தான். அவர் கட்டிலில் படுத்தபடி, 'எடிஷன் தெரிஞ்சுடுச்சு, இனிமே அடிச்சுத் தள்ளவேண்டியதுதான்' என்றார். அந்த வார்த்தையை முதலில் கேட்டதே அவர் சொல்லித்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அப்போது ஏதோ ஆஸ்பத்திரிச் சொல் என்று நினைத்துவிட்டாள்.

கண்டுபிடித்தது சரியாகத்தான் இருந்தது. மருந்தும் சரியான மருந்துதான். அதில் யாரும் தப்புப் பண்ணவில்லை.

முக்காலுக்கு மேல் போனபிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. சின்னதாக, நகத்தால் தகரத்தைச் சுண்டுவதுபோல. கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி சுண்டியது. திரையில் ஏறிக்கொண்டிருந்த எண் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு முன்பிருந்த நிலைக்கே திரும்பப் போவதாக ஒரு வரி வந்தது. அவர் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார்.

"டிஸ்க்கு," என்றார்.

"என்னண்ணே?"

"கொஞ்சம் இருங்க."

திரை இருண்டது. எழுந்தது. மறுபடி இருண்டது. அவர் அணைத்துப் போட்டார், ஒயரை மாற்றிப் போட்டார், டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தார். எங்கே மாட்டினாலும் அது சுண்டிக்கொண்டே இருந்தது, பிறகு சுண்டுவதும் நின்றது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார். குழந்தை பிழைக்கவில்லை என்று சொல்ல வந்தவர் முகம்போல இருந்தது.

"ஆரம்பத்துலேருந்தே இதுக்குத்தான் சரியில்லாம இருந்திருக்கும்மா. நாம போட்டது சரிதான். எடிஷனும் சரி, நீங்க சொன்ன பாஷையும் சரி. தாங்க இதுக்குத் தெம்பு இல்ல."

"சரி," என்றாள்.

"பெரிய ஊர்ல டிஸ்க்கைப் பிரிச்சு எடுக்கறவங்க இருக்காங்க. அனுப்பிப் பார்க்கட்டுமா? வந்தா பைல் வரும். அந்தச் சொல்லெல்லாம் வராது. உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பைல்தான் நீங்க எடுத்து வச்சுட்டீங்களே."

"எடுத்து வச்சுட்டேன்."

"அப்பப் போதும்."

சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மழை விட்டுவிட்டதா என்று கையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். விட்டு வெகுநேரமாயிருந்தது. அவன் கையை உள்ளே எடுக்கவில்லை.

*

புது டிஸ்க்கு போட்டு, அதே எடிஷனை அதே இங்கிலீஷில் போட்டு, மேலே தமிழையும் போர்த்தி, கடைக்காரர் தானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கோப்புகளை அந்தந்த இடத்தில் வைத்தார். பழைய புரோகிராம் எங்கும் கிடைக்காததால் புதிதாக ஒன்றைப் போட்டார். எழுத்துப் பிழை இருந்தால் இதுவே சொல்லும் என்றார். அத்தை கொடுத்த டீயை நின்றபடி குடித்துவிட்டு, சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

கணவர் கட்டிய கடைசிப் புத்தகம் அச்சுக்குப் போகாமல் காத்திருந்தது. பக்கமெல்லாம் முடிந்துவிட்டது. உரிமைப் பக்கம் மட்டும் பாக்கி. அதை நீயே போட்டு அனுப்பிவிடு, உனக்குத் தெரியாதா என்று அச்சக முதலாளி சொல்லியனுப்பினார். பிற்பகல் வெயில் முன்னறைக்குள் வந்திருந்தது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விசைகளைத் தேடித் தேடித் தட்டினாள். தலைப்பு, எழுதியவர் பெயர், எந்தப் பதிப்பு என்பதெல்லாம் போட்டாள். பக்க வடிவமைப்பு என்று தட்டி, இரண்டு புள்ளி வைத்து, அவருடைய பெயரைத் தட்டினாள்.

பெயருக்குக் கீழே சிவப்பாக ஒரு நெளிகோடு விழுந்தது.

அவள் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிழை இல்லை. புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் புள்ளி இருந்தது. பெயர்மேல் சுட்டியை வைத்ததும், இதுவா, இல்லை இதுவா என்று அந்தப் பெயரின் சாயலில் இருந்த வேறு சில சொற்களைக் காட்டிக் கேட்டது.

அத்தை துணி மடித்துக்கொண்டே நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மகன் பெயரைப் படிக்க அவளுக்கு எழுத்துக் கூட்டவேண்டியதில்லை.

"அவன் பேருக்குக் கீழ என்ன கோடு?"

"தெரியாத வார்த்தையாம் அத்தை."

அத்தை குனிந்து திரையைப் பார்த்தாள். மடித்த துணியை மேசையோரத்தில் வைத்தாள்.

"தெரியலைன்னா சொல்லிக் குடு."

புள்ளிக்காரி அகராதியில் சேர் என்ற இடத்தைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். கோடு போய்விட்டது. மற்ற சொற்களைப் போலவே அந்தப் பெயரும் வரியில் நின்றது.

"இப்பத் தெரிஞ்சுக்கிச்சா?"

"தெரிஞ்சுக்கிச்சு அத்தை."

அத்தை துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். புள்ளிக்காரி அடுத்த வரிக்குப் போனாள். மெய்ப்பு என்று தட்டி, இரண்டு புள்ளி வைத்து, தன் பெயரைத் தட்டினாள். அதற்குக் கீழும் கோடு விழுந்தது.